பெல்ட் கட்டிய ஃபிலோமினா

செவ்வாய்க்கிழமை காலை, வைட்ஃபீல்ட் போகும் அலுவலக பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது ஆரோக்கியத்திடமிருந்து போன் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஃபிலோமினாவின் தம்பி. அவர் எனக்கு நேராகப் போன் செய்கிறவர் அல்ல. எடுப்பதற்கு முன்பே பயந்துவிட்டேன். காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஃபிலோமினா எழுந்திருக்கவில்லை என்றார். பால் தீய்ந்த வாசனை வந்து எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். "கஷ்டப்படல, கலாக்கா. உட்கார்ந்த மாதிரியே போயிட்டாங்க" என்றார். நான் அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி ஆட்டோ பிடித்து ஒக்கலிபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சம்பளப் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும், பங்குக் கோயில் பாடற்குழுவில் அவளோடு பாடியவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அவளோடு பதினோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். அந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஃபிலோவை முதலில் பார்க்கிறவர்கள் அவளுடைய பெல்ட்டைத்தான் பார்ப்பார்கள். சுடிதாரின் மேல் பெல்ட், காட்டன் புடவையின் மேல் பெல்ட், மழைக்கோட்டின் மேலும் பெல்ட். பெரும்பாலும் ஆண்களுக்கான பெல்ட்டுகள், ஏனென்றால் பெண்களுக்குச் செய்கிறவை அவள் இடுப்புக்கு எட்டாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருவருக்கும் ஒரே வயது என்ற தைரியத்தில், ஏன் இப்படி என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லாரும் தன்னைத் தொளதொளவென்று உடுத்தச் சொன்னதாகவும், முப்பது வயதில் அது அலுத்துப்போனதாகவும் சொன்னாள். "இடுப்பு இருக்கிறதையே மறைக்கச் சொன்னாங்க. நான் அது மேல பக்கிள் வெச்சேன்."

ஒரு தீபாவளிக்கு முன்னால் என் கணவருக்கு நல்ல பெல்ட் ஒன்று வாங்க அவளைத் துணைக்குக் கூப்பிட்டேன். பெரிய மாலில், வாசலிலேயே ஒரு ஆள் நின்று கதவைத் திறந்துவிடும் வெளிநாட்டு டிசைனர் கடை. என் காலில் இருந்தது வீட்டுச் செருப்பு. வேண்டாம், வேறு எங்காவது போகலாம் என்று நான் இழுத்தேன். அவள் உள்ளே போய், விற்பனைப் பெண்ணிடம் பெயர் கேட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள். மடக்கிக் காதருகே வைத்துத் தோலின் சத்தத்தைக் கேட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, அழகாக இருக்கின்றன, இன்றைக்கு வாங்கப்போவதில்லை என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. "பார்க்கிறது திருட்டு இல்ல, கலா. ஆனா பார்த்தா ஒழுங்காப் பார்க்கணும்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிட்டி மார்க்கெட் பக்கம் தரையில் பழைய சாமான் கொட்டி விற்கிறவரிடம் அந்த மால் கடையின் பெயரே போட்ட முப்பது வருஷப் பழைய பெல்ட் ஒன்றை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். தூசியைத் துடைத்து எண்ணெய் போட்டதும் அது தேன் நிறத்துக்கு வந்தது. என் கணவர் இன்றும் அதைத்தான் கட்டுகிறார்.

பழையதில் மட்டும் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் இளம் டிசைனர்கள் கண்காட்சி வைத்தால் முதல் நாளே அங்கே இருப்பாள். ஒருமுறை ஒருவரின் ஸ்டாலில் நீலத்தோல் பெல்ட் ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்டாள். நீளத்தைக் கூட்டினால் டிசைனின் அழகு போய்விடும் என்றார் அவர். ஃபிலோ அதை எடுத்து இடுப்பில் சுற்றினாள். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "இப்ப அழகா இருக்கா, பாருங்க" என்று நிதானமாகக் கேட்டாள். அவர் முகம் சிவந்தது. பக்கத்து ஸ்டால்காரர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த வருஷம் அவர் ஸ்டாலில் பெரிய அளவுகள் தனி வரிசையாகத் தொங்கின. அவள் இரண்டு வாங்கினாள்.

பிறகு நாங்கள் இருவரும் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினோம். பழைய டிசைனர் பெல்ட், பர்ஸ், கைப்பை. படம் எடுப்பதும் எழுதுவதும் நான். அசலா நகலா என்று பார்ப்பது அவள். அவள் சரி என்றால் சரி. அதை நம்பித்தான் வாங்கினார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருத்தி பனசங்கரியில் இருந்த ஸ்ருதி. கல்யாணமாகப் போகிற பெண். மாப்பிள்ளைக்குப் பரிசாக ஒரு இத்தாலியப் பெல்ட் வாங்கினாள். வரவேற்பில் அவர் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை எங்களுக்கு அனுப்பியும் வைத்தாள். நாலு மாதம் கழித்து, ஒரு வீட்டில் விற்பனைக்கு வந்த அதே மாதிரிப் பெல்ட் ஃபிலோவின் கைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வந்தது அசல்; அதன் உள்பக்க முத்திரையில் எழுத்துகளின் இடைவெளி நாங்கள் விற்றதில் இருந்ததைப் போல் இல்லை. நாங்கள் ஸ்ருதிக்கு விற்றது நகல்.

யாருக்கும் தெரியாது, விட்டுவிடு என்றேன். அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள், அதைப் போய் ஏன் கலைக்க வேண்டும் என்றேன். அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை பனசங்கரிக்குப் போனாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடப் போனேன். ஸ்ருதி காபி கொடுத்து உபசரித்தாள். ஃபிலோ சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நான்தான் பார்த்தேன். நான்தான் தப்பாப் பார்த்தேன்." ஸ்ருதியின் கண் கலங்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. கல்யாணத்தன்று அவர் கட்டியது அது, பணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றாள். அப்போது ஃபிலோ எழுந்து நின்று தன் இடுப்பிலிருந்ததை அவிழ்த்தாள். அந்த இத்தாலியக் கம்பெனியின் அசல் கருப்புப் பெல்ட். அவளிடம் இருந்தவற்றில் மிகப் பழையது, அவள் மிகவும் நேசித்தது. நீளத்தை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று அதையும் விளக்கி மேஜைமேல் வைத்தாள். ஸ்ருதி அதை வாங்கிக்கொண்டாள். நகலையும் திருப்பித் தரவில்லை. கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். உனக்குச் சொல்ல வேண்டியது என் வேலை, வீட்டுக்குள் எதைச் சொல்வது என்பது உன் விஷயம் என்றாள் ஃபிலோ.

திரும்பும்போது ஆட்டோவில் சண்டை போட்டேன். உன் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள ஒரு சின்னப் பெண்ணை அழவைத்தாய் என்றேன். அவள் சுடிதாரைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெல்ட் இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றுதான். "அழவெச்சது நான்தான். ஆனா நாளைக்கு யாராவது அவ புருஷன் இடுப்பைப் பார்த்துச் சிரிச்சா, அந்தச் சிரிப்பும் நான் வித்தது" என்றாள். அன்று மாலையே, நடந்ததை அப்படியே எங்கள் பக்கத்தில் எழுதிப்போட்டாள். ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. அலுவலகத்தில் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை.

அந்தப் பேச்சில்லாத நாட்களில், வீம்புக்காக நானே தனியாகப் போய் ஒரு டிசைனர் கைப்பை வாங்கினேன். மதியச் சாப்பாட்டின்போது எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டார்கள். அசல்தானா என்று யாரோ ஃபிலோவைக் கேட்டார்கள். அவள் பையைப் பார்க்கவில்லை. "கலாகிட்டயே கேளுங்க. அவளுக்குப் பார்க்கத் தெரியும்" என்றாள். பையை வாங்கிய அன்றே வீட்டில் வைத்துத் திருப்பிப் பார்த்திருந்தேன். உள்தையல் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு, நகல்தான், ஏமாந்துவிட்டேன் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஃபிலோ தன் டப்பாவிலிருந்து மீன் வறுவலில் பாதியை எடுத்து என் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒக்கலிபுரம் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் அவளுக்கு வெள்ளைப் பட்டுப்புடவை உடுத்தி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடப் போகும்போது கட்டும் அகலப் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆரோக்கியம் நின்றிருந்தார். இறந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு, சாமியார் என்ன நினைப்பார் என்று அவருடைய பெரியம்மா தடுத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "இது இல்லாமப் போனா அக்காவை யாருக்கும் அடையாளம் தெரியாது, பெரியம்மா" என்றார். பெரியம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார். நாலு பேர் தூக்கிப் பிடிக்க, நான் பெல்ட்டை அடியில் செலுத்தி முன்னால் கொண்டுவந்து மாட்டினேன். அவளை அப்படித்தான் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஆரோக்கியம் அலமாரியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாற்பதுக்கு மேல் பெல்ட்டுகள் தொங்கின. நான் எடுத்துக்கொண்டது அலுவலகத்தில் அவள் மேஜை டிராயரில் கிடந்த, பெல்ட்டில் துளைபோடும் இடுக்கியை மட்டும். பிரசவம் முடிந்து திரும்பிய பெண்கள், சர்க்கரை வந்து இளைத்துப்போனவர்கள் என்று அலுவலகத்தில் பெல்ட் சரியாக நிற்காத எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். ஏன் இளைத்தாய், ஏன் பெருத்தாய் என்று ஒருவரையும் அவள் கேட்டதில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சாதாரணமாக நிற்கச் சொல்லி, அளந்து, துளை போட்டுத் தருவாள்.

போன வாரம் எங்கள் வரவேற்பறை மஞ்சுளா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, பெல்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஃபிலோவின் காலி நாற்காலி அருகே வந்து தயங்கி நின்றாள். நான் கூப்பிட்டேன். சாதாரணமாக நிற்கச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. துளை கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.