ரிங்லெட் பக்கம் பார்த்தவர்

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு முனையாக என்னோடு பிடித்தவர் அவர். சுமத்ரா தீவின் மேற்குக் கரை மாநிலத்துக்காரர். ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை. எங்களோடு இருந்தே தமிழ் பழகியவர். தேத்தண்ணி நேரத்தில் எப்போதும் ரிங்லெட் டவுன் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். கொழுந்து ஏற்றும் லோரி அங்கிருந்துதான் வரும்.

"நீங்க பார்த்தாதான் லோரி வருமா, பாய்?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள்.

நான் அதிகம் பேசாதவன். ஒருநாள் கேட்டே விட்டேன். "அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அந்தத் திசையிலதான் அண்ணே, கடலுக்கு அந்தாண்ட என் ஊரு. பின்னால மலை, முன்னால கடல். நடுவுல கொஞ்சூண்டு நெலம். அதுலதான் சனம் பூரா."

"இடம் பத்தாமயா வந்தீங்க?"

"எங்க வழக்கம் லா. வீடும் வயலும் பொம்பளைங்களுக்கு. ஆம்பளை வெளிய போயிரணும்."

"எப்பத் திரும்புவீங்க?"

"வீடு இப்ப தங்கச்சியோடது. அது வான்னு சொல்லணும்" என்று சிரித்தார். கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது.

நான் லீவில் இருந்தபோது அவர் வேலை பெர்மிட் முடிந்து புறப்பட்டுவிட்டார். தங்கை கூப்பிட்டாளா, வேறு தோட்டத்துக்குப் போனாரா, தெரியவில்லை.

இப்போது நான் அந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறேன். "லோரி வருதா அண்ணே?" என்று பெண்கள் கேட்கிறார்கள்.

"இன்னும் காணோம்" என்கிறேன்.