பதினோரு நிமிட ஜெபமும் மூன்று டால்பின்களும்

போன சனிக்கிழமை நான் கடலில் மிதந்தேன்.

உண்மையாகத்தான். நைட்டி, அதற்கு மேலே ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட், கையில் ஒரு கயிறு. எழுபத்திரண்டு வயசில்! பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் தெரிந்தவர் எதிரே வந்தாலே தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போகிற ஆள் நான். வாரா வாரம் இங்கே இவ்வளவு பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். பேப்பரில் பேசுவது சுலபம். எதிரில் யாரும் இல்லையே.

எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு டூர் உண்டு. போன வருஷம் மைசூர். அதற்கு முந்தின வருஷமும் மைசூர். இந்த முறை செக்ரட்டரி கிரேஸ் டீச்சர் ஒரே பிடியாக நின்று கார்வார் என்று முடிவு பண்ணிவிட்டார். ஒரு நாள் முழுக்கக் கடலில் கேட்டமரான் சவாரி. டால்பின் பார்ப்பது, தீவுப் பக்கம் நீந்துவது, மீன் சாப்பாடு, திரும்புவது.

கேட்டமரான் என்றால் நம் ஊர்க் கடற்கரையில் பார்க்கிற கட்டுமரம் இல்லை. இரண்டு நீளமான படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு மேடை போட்ட மாதிரி இருக்கிறது. ஆட்டம் குறைவு. நாங்கள் பதினாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தும் இடம் மிச்சம்.

படகை ஓட்டுவதும், டால்பின் காட்டுவதும் ஒரே ஆள்தான். மங்கேஷ் என்று பேர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். முன்னே மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாராம். கன்னடத்தில் பேசினார். நமக்கென்ன, பெங்களூரில் பிறந்த வாய்க்குக் கன்னடம் புதுசா?

ஏறும்போதே ஒன்று சொன்னார். "அம்மா, ஆறு கடலில் சேருகிற இடத்தில்தான் டால்பின் வரும். அங்கே போனதும் இன்ஜினை ஆஃப் பண்ணிடுவேன். சத்தம் இருந்தா வராது. எல்லாரும் பேசாம தண்ணியையே பாருங்க. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்தான். மத்த போட்டெல்லாம் வர ஆரம்பிச்சா போயிடும்."

எல்லாரும் தலையாட்டினோம். கேட்டோமா? அது வேறு விஷயம்.

ஆற்று முகத்துக்குப் போனோம். இன்ஜினை நிறுத்தினார். ஒரே அமைதி. தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம் மட்டும்.

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம்... சத்தம் நின்றால் ஜெபம். மீட்டிங்கில் ஃபேன் நின்றாலும் சரி, டூர் பஸ் ரிப்பேராகி நின்றாலும் சரி, யாராவது ஒருவர் "ஜெபிப்போமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கும் கிரேஸ் டீச்சர் அந்த அமைதியைப் பார்த்தார். நமக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. ஜெபிப்போம்."

பதினாலு தலை குனிந்தது.

டீச்சர் ஜெபம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குறுக்குவழியே கிடையாது. நல்ல வெயிலுக்கு ஸ்தோத்திரம், ரயில் டிரைவருக்கு ஸ்தோத்திரம், படகு இன்ஜினுக்கு ஸ்தோத்திரம். அப்புறம் அரசாங்கம். அப்புறம் சபையில் சுகமில்லாதவர்கள், ஒவ்வொருவராக, வியாதியோடு. ஜீவனஹள்ளி சுகந்தியின் முட்டி, அவள் வீட்டுக்காரரின் சுகர், மூணாவது கிராஸ் தெருத் தாத்தாவின் கண் ஆபரேஷன்...

மங்கேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் கண் திறந்திருந்தது.

வேண்டுமென்று இல்லை. முப்பத்தொரு வருஷம் நர்சரி ஸ்கூலில் ஆயாவாக இருந்தேன். காலையில் பிரேயர் நடக்கும்போது டீச்சர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், பிள்ளைகளும் மூடிக்கொள்ளும். அதில் இரண்டு வாண்டு மட்டும் கேட்டைப் பார்த்து ஓடும். முதல் வாரமே எனக்கு உத்தரவு வந்தது. "நாங்க கண்ணை மூடுறோம் ஆயாம்மா, நீ கேட்டைப் பாரு." சொன்னது யார் தெரியுமா? அப்போது அங்கே யு.கே.ஜி. எடுத்துக்கொண்டிருந்த இதே கிரேஸ் டீச்சர்தான். அன்றிலிருந்து ஜெபம் என்று காதில் விழுந்தால் என் கண் தன்னாலே திறந்துகொள்கிறது. மூடினால் யாரோ ஓடிவிடுவார்கள் போல இருக்கும்.

சுகந்தி வீட்டுக்காரரின் சுகர் வந்த நேரம்... தண்ணீர் மெல்லப் பிளந்தது.

ஒரு முதுகு. சாம்பல் கலரில், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் ரோஸ். நனைத்த ரப்பர் மாதிரி பளபளப்பு. 'புஸ்' என்று ஒரு மூச்சு. அதன் பின்னாலே இன்னொன்று. அந்த இரண்டாவதை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. குட்டி எழும்புவது மட்டும் கொஞ்சம் அவசரம், பெரியது எழும்பி முடிப்பதற்குள் அது ரெண்டு தடவை எழும்பிவிடும். படகுக்கு ஐந்தாறு ஆள் தூரம்தான் இருக்கும். எட்டி ஒரு பூவைப் போட்டால் மேலே விழும்.

மங்கேஷ் என்னைப் பார்த்தார். படகில் திறந்திருந்த கண் இது ஒன்றுதானே. விரலால் தண்ணீரைக் காட்டினார். அப்புறம் மற்றவர்களைக் காட்டி, 'கூப்பிடட்டுமா?' என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

நான் என்ன பண்ணியிருக்க வேண்டும்? பக்கத்தில் இருந்த எஸ்தரை ஒரு இடி இடித்திருந்தால் போதும். இடிக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் கண் திறந்திருந்தது தெரிந்துபோகுமே! பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் ஆபரேஷன் முடிந்து, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் முடிந்து, ஆமென் வருவதற்குள் மூன்றும் முங்கிப் போய்விட்டன.

"ஆமென்," என்றேன் நானும். நல்ல பிள்ளை மாதிரி.

"எங்கேப்பா டால்பின்?" என்றார் டீச்சர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"பந்த்து, ஹோய்த்து," என்றார் மங்கேஷ். வந்தது, போயிடுச்சு.

"எப்போ வந்துச்சு?"

"நீங்க சாமி கும்பிட்டுட்டு இருந்தீங்களே, அப்போ."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கே! நாங்க கண்ணை மூடினப்போ வந்துச்சாம், திறந்தப்போ போயிடுச்சாம். யு.கே.ஜி. பசங்ககூட இதைவிட நல்லா பொய் சொல்லும்!"

அதன் பிறகு அரை மணி நேரம் காத்திருந்தோம். மற்ற படகுகள் வந்தன, அதில் ஒன்றில் சினிமாப் பாட்டு வேறு. டால்பின் வரவில்லை. தீவுப் பாறையில் வெள்ளை வயிற்றுக் கழுகு ஒன்று மீனோடு உட்கார்ந்திருந்தது. மங்கேஷ் ஆசையாகக் காட்டினார். யாரும் திரும்பவில்லை. கழுகு பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

டீச்சர் போனை எடுத்தார். "ஒரு ஸ்டார். டால்பின் காட்டலை, கேட்டா பொய் சொல்றாங்கன்னு ரிவ்யூ எழுதப்போறேன்."

மங்கேஷ் குரல் இறங்கிவிட்டது. "அப்படி எழுதாதீங்க அம்மா. டால்பின் காட்டலைன்னு ஏற்கெனவே ரெண்டு பேர் எழுதிட்டாங்க. மூணாவது வந்தா படகை விட்டு இறங்கிக்கோன்னு ஓனர் சொல்லிட்டார்."

"அப்போ உண்மையைச் சொல்லியிருக்கணும்."

"உண்மைதான் அம்மா சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. 'அதோ, அந்தம்மா பார்த்தாங்க, கேளுங்க' என்று கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நான் கண்ணைத் திறந்திருந்ததை அந்த மனுஷன் மறைத்துவிட்டார். எனக்காகத் தன் வேலையை...

நான் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஸ்கூலில் முப்பத்தொரு வருஷமும் 'சரி டீச்சர்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார் மங்கேஷ். நீந்துகிற இடம். சிக்னல் இல்லாததால் டீச்சர் எழுதியது போகவில்லை. "கரைக்குப் போனதும் போகும்," என்று போனைப் பையில் வைத்தார். நாங்கள் ஒவ்வொருவராக நைட்டிக்கு மாறி, ஜாக்கெட் மாட்டி, ஏணியில் இறங்கினோம். எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. படகிலிருந்து ஒரு கயிறு கட்டி விட்டிருந்தார் மங்கேஷ். அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதந்தோம், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி.

"ரோசிக்கா, பயப்படாதே, மூழ்க மாட்டே. ஜாக்கெட்டே உன்னைவிடப் பெரிசா இருக்கு," என்றாள் எஸ்தர்.

எனக்குப் பயம் இல்லை. அதுதான் ஆச்சரியம். கால் கீழே எதிலும் படவில்லை. நைட்டி பலூன் மாதிரி உப்பி எழும்புகிறது, அதை அமுக்கிவிட ஒரு கை. பக்கத்தில் கிரேஸ் டீச்சர். அவர் நைட்டியும் உப்பியிருந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டி, கண்ணாடி இல்லாமல், வேறு யாரோ மாதிரி இருந்தார். தரையில் நின்றிருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன்.

"டீச்சர்... டால்பின் வந்துச்சு."

"எங்கே?" என்று தண்ணீரில் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"இப்போ இல்லை. அப்போ. ஜெபத்துல. ரெண்டு பெரிசு, ஒரு குட்டி. நான் பார்த்தேன்."

டீச்சர் என்னையே பார்த்தார். "ஆயாம்மா... நீ கண்ணைத் திறந்திருந்தியா?"

"நீங்கதானே டீச்சர் கேட்டைப் பார்க்கச் சொன்னீங்க?"

"அது ஸ்கூல்ல! ரிட்டையர் ஆனதோட முடிஞ்சுபோச்சு!"

"எனக்கு யாரும் சொல்லலையே டீச்சர்."

கயிற்றின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். எஸ்தர். "நானும் பார்த்தேன் டீச்சர். குட்டி மட்டும் ரெண்டு ரெண்டு தடவை குதிச்சுது."

என் கண் ஒன்றுதான் திறந்திருந்தது என்றல்லவா நினைத்தேன்!

"நான் முதுகை மட்டும் பார்த்தேன்," என்றது இன்னொரு குரல். "எனக்கு அந்த 'புஸ்' சத்தம் கேட்டுச்சு, ஒத்தைக் கண்ணைத்தான் திறந்தேன்," என்றார் இன்னொருவர். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு... கயிற்றில் தொங்கியவர்களில் ஏழு பேர் பார்த்திருக்கிறோம். ஒருத்தி கண்ணுக்கு இன்னொருத்தி படாமல்.

டீச்சர் முகம் வாடிப்போனது. "அப்போ என் ஜெபத்துல ஒருத்தரும் கண்ணை மூடறதே இல்லையா?"

"மூடினோம் டீச்சர்," என்றாள் எஸ்தர். "சுகர் பேஷன்ட் வர்ற வரைக்கும் மூடித்தான் இருந்தோம். மொத்தம் பதினோரு நிமிஷம் டீச்சர். வாட்ச் பார்த்தேன்."

யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து, ஏணியில் ஏறி மேலே போய்விட்டார்.

நான் அப்படியே மிதந்துகொண்டு யோசித்தேன். ஏழு பேர் பார்த்திருக்கிறோம். ஒரு ஆளின் வேலை போக இருந்தது. ஏழு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். யாரும் கெட்டவர்கள் இல்லை, கண்ணில் தண்ணீர் விட்டு ஜெபிக்கிறவர்கள்தான். 'பார்த்தேன்' என்று சொல்ல எங்களுக்குப் பயமில்லை. 'நீ எப்படிப் பார்த்தே?' என்று கேட்டுவிடுவார்களே, அதற்குத்தான் பயம். யோசித்துப் பாருங்கள்... தெருச் சண்டையில், ஆபீசில், சொந்தக்காரர் வீட்டில் எத்தனை விஷயத்துக்குச் சாட்சியில்லாமல் போவது இதனால்தானோ?

மேலே ஏறி வந்தபோது டீச்சர் துண்டைப் போர்த்திக்கொண்டு மங்கேஷ் எதிரே நின்றிருந்தார். அதட்டல் குரல்தான், ஆனால் கொஞ்சம் நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

"வந்தப்போ ஏன்ப்பா என்னைக் கூப்பிடலை?"

"சாமி கும்பிடறப்போ எப்படிம்மா கூப்பிடறது?" என்றார் அவர்.

டீச்சர் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் செய்த ஜெபம் மூன்றே வரி. மீன் குழம்பு சூடாகவே கிடைத்தது.

கரை சேர்ந்ததும் போனில் சிக்னல் வந்தது. டீச்சர் காலையில் எழுதியதை அழித்தார். ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். கீழே இங்கிலீஷில் என்னவோ தட்டினார். எனக்கு இங்கிலீஷ் வராது என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் சாய்ந்து, அட்டென்டன்ஸ் எடுக்கிற அதே குரலில் தமிழில் படித்துக் காட்டினார்.

"டால்பின்கள் பிரசென்ட். நாங்கள்தான் ஆப்சென்ட்."