பெட்டிக்குள்ளே யார் போவது?

மெஜிக் சாமான் விற்கிற தொழிலில், ரகசியம் தெரிந்த அந்த நிமிஷமே வாங்கினவருக்கு நம் மேல் கோபம் வந்துவிடும். புடவைக் கடையில் நிற்கிறவர்களுக்கும் செருப்புக் கடையில் நிற்கிறவர்களுக்கும் இந்தப் பாடு கிடையாது. ஆனாலும் நாள் முழுக்க நின்று கால் கடுத்து, "புதுசா என்ன வந்திருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்கள் நீங்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் ஹந்தானை மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கிக் கண்டி டவுனுக்கு வேலைக்கு வருகிறேன். ஹாஜியாருடைய கடை. கீழே பலூன், பேர்த்டே தொப்பி, விளையாட்டுச் சாமான். மேல்மாடியில் மெஜிக் சாமான், அதற்குப் பொறுப்பு நான். எனக்கு ஒரு காசைக்கூடக் கையில் மறைக்கத் தெரியாது. அதனால்தான் மெஜிக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். இன்னொரு மெஜிக்காரரிடம் போய் "எனக்கு ஒரு புது வித்தை சொல்லுங்க" என்று கேட்டால் மரியாதை போய்விடுமாம். என்னிடம் கேட்டால் போகாதாம். இதைப் பெருமையாக எடுப்பதா, இல்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இவ்வளவுதானா?

எங்கள் கடையில் வித்தையைப் போனில் வீடியோவாகக் காட்டுவோம். எப்படிச் செய்வது என்பதைக் காசு கட்டின பிறகுதான் சொல்லுவோம். ஒரு பேங்க் மனேஜர், ஒஃபிஸ் பார்ட்டிகளில் மெஜிக் செய்கிறவர், கண்ணாடிக் கிளாசுக்குள்ளே காசு புகுந்து போகிற வீடியோவைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். வீட்டுக்குப் போனார், திரும்பி வந்தார், இன்னொரு தரம் காட்டச் சொன்னார். காந்தமா என்றார், கெமரா வேலையா என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் வாங்கினார். நான் இரண்டே வசனத்தில் சொல்லி முடித்தேன். மனிதரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. நான் என்ன செய்ய? பெரிய ரகசியமாக இருந்தால் அது சட்டைப்பையில் அடங்குமா? பொட்டலத்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அக்கா, இது தெரியாம இருந்தப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

மாம்பழக் கட்டு

நஸீர் நானா பிள்ளைகளின் பேர்த்டே பார்ட்டிகளுக்கு மெஜிக் செய்கிறவர். கடைக்குப் பழைய ஆள், நல்ல மனிதர். அவருக்கு ஒரு புதுக் காட்ஸ் வித்தையைச் சிபாரிசு செய்தேன். பிள்ளை ஒரு சீட்டை நினைத்தால் போதும், அது கட்டுக்குள்ளே தானாகவே திரும்பியிருக்கும். நானா போய்ச் செய்திருக்கிறார். முதல் வீட்டிலேயே ஒரு பெரியவர் கட்டைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாராம். காட்ஸ் என்றால் சூது, பேர்த்டே வீட்டில் எதற்கு அது என்று அவருக்குக் கவலை.

எனக்கு முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும். அதே வித்தையை ராஜா ராணி இல்லாமல் பழங்களின் படம் போட்டு எடுப்பித்துக் கொடுத்தேன். மாம்பழம், அன்னாசி, ரம்புட்டான், எல்லாம் நல்ல நிறம். பெரியவர்களுக்குத் திருப்தி, எனக்கும் திருப்தி. ஒரு மாதம் போல கழித்து நானா படியேறி வந்தார். கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, பெரியாக்கள் ஒண்டும் சொல்றல்ல. ஆனா மெஜிக் முடிஞ்சதும் புள்ளைகள் மாம்பழத்தத் தாங்க எண்டு அழுகுதுகள்."

புஷ்பா தனியாக வந்தாள்

சிவலிங்கம் கடுகண்ணாவைக்காரர். பள்ளிக்கூட விழா, கோயில் திருவிழா, கல்யாணம் எதுவென்றாலும் கூப்பிட்டால் போவார். அவருடைய பேர்போன வித்தை பெட்டி வித்தை. மனைவி புஷ்பா பெட்டிக்குள்ளே போவாள், இவர் ஒரு கதை சொல்லிக் கோலால் தட்டுவார், திறந்தால் பெட்டி வெறுமை. மறுபடி மூடித் திறந்தால் புஷ்பா எழுந்து நிற்பாள். பேராதனைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை தோறும் வெள்ளைக்காரர்களுக்குச் செய்து காட்டக் கேட்டிருந்தார்கள். ஒரு மாலைக்கு இரண்டு தரம். பழைய பெட்டி ஆகாது, பார்வைக்குப் புதிதாக வேண்டும் என்று நிபந்தனை. சிவலிங்கம் சந்தோஷத்தில் ஓடி வந்து, வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வீடியோவில் பார்த்து, ஹாஜியாரிடம் சொல்லி எடுப்பிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் புஷ்பா தனியாக வந்தாள். எங்கள் படியில் ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று ஏறினாள். விஷயம் இதுதான். உள்ளே போனால் முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி மடங்கி, அவர் கதை சொல்லி முடிக்கிற வரைக்கும் அசையாமல் இருக்கவேண்டும். கல்யாணம் கட்டினதிலிருந்து இதுதான் அவள் வேலை. இப்போது இரண்டு முழங்காலும் வீங்குகிறது. கிளினிக்கில் காலை மடக்கவே கூடாது, இப்படியே போனால் நடக்கிறதே கஷ்டமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். புருஷனிடம் சொன்னாளாம். "உனக்குப் பழகிப்போச்சுதானே" என்றாராம். அதற்காக ஹோட்டல் வேலையைக் கெடுக்கவும் அவளுக்கு மனசில்லை. அவர்களுக்கு நிரந்தரமாகக் கிடைத்திருக்கிற ஒரே வேலை அது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சிவலிங்கம் மட்டும் அப்போது எதிரே நின்றிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார். புஷ்பா எழுந்து போகும்போது சொன்னாள்: "அவருக்கு எத வேணும்னாலும் வித்துடுங்கக்கா. என்னைய உள்ள வைக்கிறது மட்டும் வேணாம்."

ஒட்டுவதற்கு முன்னே

பெட்டி கப்பலில் வரக் கொஞ்ச நாள் எடுக்கும். அதற்குள்ளே சிவலிங்கத்தின் மனசை வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். போன் போட்டு, புது ரிப்பன் வித்தை ஒன்று வந்திருக்கிறது, ஹோட்டலுக்கு அபாரமாக இருக்கும், முதலில் இங்கே எங்கேயாவது செய்து பாருங்கள் என்றேன். நீளமான சிவப்பு ரிப்பனை எல்லார் கண்முன்னாலும் நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் காட்டி, பிறகு ஒன்றாக்கவேண்டும். மனிதர் அதைக் கொண்டுபோய் ஒரு கல்யாண ரிசப்ஷனில் செய்திருக்கிறார்.

மாப்பிள்ளை ஒரு நுனி, பொண்ணு ஒரு நுனி பிடித்திருக்க, இவர் நடுவில் கத்தரிக்கோலை வைத்தாராம். வெட்டினதும் பொண்ணின் அத்தை எழுந்துவிட்டார். கல்யாண மேடையில் வெட்டுகிறதாவது, பிரிக்கிறதாவது, நிறுத்துங்கள் என்று சத்தம். இவர் அடுத்த நிமிஷம் ஒட்டிக் காட்டுகிறேன் என்று கெஞ்ச, மைக்கை வாங்கிவிட்டார்களாம். இரண்டு துண்டு ரிப்பனையும் என் மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒட்டுற இடத்துக்கு வர்றதுக்குள்ள சாப்பாடு போட்டுட்டாங்கக்கா. நான் வெட்டிட்டுப் போனவனாவே போயிட்டேன்."

மடுல்கெல்லயில் மிதந்த நோட்டு

சரி, வெட்டுகிற வித்தை வேண்டாம். மிதக்கிற வித்தை ஒன்றைக் கொடுத்தேன். ஒரு காசு நோட்டைக் கையில் வைத்தால் அது தானாக எழும்பி அந்தரத்தில் நிற்கும். கண்ணுக்கே தெரியாத நூல் வேலை. (இதை நான் சொல்லக்கூடாது. ஆனால் அன்றைக்கே மடுல்கெல்ல தோட்டம் முழுக்கத் தெரிந்துபோன விஷயத்தை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?) வீடியோவில் அந்த வெளிநாட்டுக்காரர் அறைக்குள்ளே, கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று செய்கிறார். சிவலிங்கம் செய்தது எஸ்டேட் கிரவுண்டில், பின்னேரம். முன்னாலும் சனம், பின்னாலும் சனம், தொழிலாளர் லயத்துப் படிக்கட்டிலும் சனம்.

நோட்டு அழகாக எழும்பியிருக்கிறது. ஒருவருக்கும் நூல் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. மடுல்கெல்லயில் அது இறங்காத பின்னேரம் எது? நூல் முழுக்கத் துளித்துளியாகத் தண்ணீர் பிடித்து, லைட் வெளிச்சத்தில் பளபளவென்று மின்ன ஆரம்பித்துவிட்டது. சனம் சிரிக்கவில்லையாம், அதுதான் இவருக்குப் பெரிய வருத்தம். தோட்டத் தலைவர் மட்டும் மரியாதையாகக் கிட்டே வந்து காதில் சொன்னாராம்: "தம்பி, நூலக் கொஞ்சம் தொடச்சிட்டு மறுபடி காட்டுங்க, நாங்க பாக்காத மாதிரி இருந்துக்கிறோம்."

கடையின் புதுச் சட்டம்

இரண்டு தரம் பட்டவர் மூன்றாம் தரம் என் பேச்சைக் கேட்பாரா? பெட்டி வந்துவிட்டது என்று தெரிந்ததும் புஷ்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வரும் சனிக்கிழமை ஹோட்டலில் முதல் நாள். பெட்டி உண்மையிலேயே அழகு, கறுப்பு வார்னிஷ், பித்தளை மூலை. புஷ்பா அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இனியும் நான் வித்தை மாற்றி வித்தை கொடுத்து ஒன்றும் ஆகாது என்று விளங்கிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, கடையில் ஒரு சட்டம் இருக்கிறது, பெட்டி வாங்குகிறவர் முதலில் தானே உள்ளே இருந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் கொடுப்போம் என்றேன். அப்படி ஒரு சட்டம் எங்கள் கடையில் இருந்ததே இல்லை. பக்கத்தில் நின்ற ஹாஜியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல காலம், காட்டிக்கொடுக்கவில்லை.

சிவலிங்கம் மெலிந்த ஆள்தான். சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கினார். எப்படி மறைவது என்பதை இங்கே எழுதமாட்டேன், காசு கட்டினால் சொல்லுவேன். மூடியைப் போட்டோம். வெறும் பெட்டியைத் திறந்து மூடி என்ன பார்ப்பது, முழுசாகச் செய்து பார்ப்போம் என்று கோலைப் புஷ்பாவின் கையில் கொடுத்தேன். கீழே பலூன் வாங்க வந்த நஸீர் நானாவும், கடைப் பிள்ளைகளும், இரண்டு மூன்று வாடிக்கைக்காரர்களும் மேலே வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

புஷ்பா கதையை ஆரம்பித்தாள். அது சிவலிங்கம் தானே கட்டின கதை. ஒரு ராணியைப் பெட்டியில் வைத்து யானை மேல் ஏற்றிக் காட்டு வழியாகக் கொண்டுபோகிறார்கள், கள்ளர் வருகிறார்கள். சனம் சிரிக்கச் சிரிக்க வருஷக் கணக்காக அதை இழுத்து இழுத்து நீட்டி வைத்திருக்கிறார். யானை தும்முவது, பெரிய கள்ளனின் பெண்சாதி ஏசுவது எல்லாம் அதில் உண்டு. புஷ்பா ராணியை மட்டும் ராஜாவாக மாற்றிக்கொண்டாள். மற்றபடி ஒரு சொல் விடவில்லை. அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள், குரலை இறக்குகிற இடத்தில் இறக்கினாள். அடேயப்பா! கடைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதியில் பெட்டிக்குள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. சுருக்கு, சுருக்கு என்று அவர் முனகுவதும் கேட்டது. அவள் பெட்டிப் பக்கம் குனிந்து, இன்னும் யானையே தும்மவில்லை என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

கோலால் தட்டித் திறந்தாள். பெட்டி வெறுமை. எல்லாரும் கைதட்டினார்கள், நஸீர் நானாதான் அதிகம். மறுபடி மூடித் திறந்தாள். சிவலிங்கம் உள்ளே இருந்தார், ஆனால் எழும்பவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முயன்றார், கால் நிமிரவில்லை. வியர்த்துக் கொட்டியது. முகம் அழுகிற பிள்ளையின் முகம் மாதிரி கோணிப் போயிருந்தது. அவர் புஷ்பாவை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு தரமும் இப்படித்தானா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இவ்வளவு வலிக்கும் என்று நீ சொல்லவே இல்லையே என்றார். சொன்னேன் என்றாள். அவர் குனிந்து முழங்காலைத் தடவினார். பிறகு, "ஹோட்டலுக்கு நான் பேசிக்கிறேன், பெட்டி இல்ல, கதை சொல்றது நீ, மேசையில வித்தை செய்றது நான்னு சொல்லிடுறேன்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பா கோலை என்னிடம் தந்துவிட்டு, அவரைத் தூக்கக் கை நீட்டினாள்: "அது சரி, மொதல்ல சிரிச்சிக்கிட்டு எந்திரிங்க, ஆளுங்க பாக்குறாங்க. நான் அப்படித்தான் எந்திரிப்பேன்."

ஹாஜியார் அந்தச் சட்டத்தை இப்போது எழுதிச் சுவரிலேயே மாட்டிவிட்டார், அன்றையிலிருந்து எங்கள் கடையில் ஒரு பெட்டிகூட விற்கவில்லை.