பேச்சுக்கு ஒன்பது மார்க்

என் அக்கா புருஷனை ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. பக்கத்துப் பெரிய நாடு எங்கள் ஊரில் நடத்திய பண்பாட்டு மையத்தில் இருபத்திரண்டு வருஷம் அவர்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்தவர். இலவச வகுப்பு, சுவர் நிறைய அந்த நாட்டு மலைகளின் படம், வாரம் ஒரு சினிமா. எனக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மையத்துக்கு வந்த புத்தகப் பெட்டிகளையெல்லாம் கப்பலிலிருந்து இறக்கியவன் நான்தான்.

"சும்மா குடுக்கிறவன் எதுக்கு அத்தான் குடுக்கிறான்?" என்று கேட்டால் சிரிப்பார்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டா. ஒரு பீரங்கி வாங்குற செலவுல நூறு வகுப்பு நடத்தலாம்னு எங்க இயக்குநர் அம்மா சொல்றாங்க. பீரங்கியால ஒரு சிநேகிதனையாவது சம்பாதிக்க முடியுமா?"

அந்த அம்மா எது சொன்னாலும் அவருக்கு வேதவாக்கு. வெளிநாட்டுக்காரி என்றாலும் நல்ல மனுஷிதான், அதை மறுக்க மாட்டேன். அந்த அம்மாவும் அந்தப் பேச்சை உண்மையாகவே நம்பினார் என்பதுதான் கொடுமை.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தான் ரொம்பக் கறார். மார்க். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அட்டை இருக்கும். படிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றும் பத்துக்கு. அட்டையில் வாத்தியாரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. சொந்த மகள் அவர் வகுப்பில்தான் படித்தாள். அவள் பேச்சுக்கு ஒன்பது வாங்கியபோது, "பத்துதான் போட்டா குடியா முழுகிடும்?" என்று அக்கா சண்டைக்கு நின்றாள். அத்தான் அசையவில்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

போன வருஷம் எல்லைப் பக்கம் கலவரம் வந்தது. நம் அரசாங்கமே அந்தப் பெரிய நாட்டிடம் உதவி கேட்டது என்றார்கள். புத்தகப் பெட்டி இறங்கிய அதே துறையில் பச்சை ராணுவ லாரிகளை இறக்கினேன். மொத்தம் நாற்பத்தாறு. மறுவாரமே மையத்தில் அந்த நாட்டுக் கர்னல் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். இயக்குநர் அம்மா அவரிடம் கத்தியதை அத்தான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷமா நான் கட்டினத நீங்க ஒரே வாரத்துல இடிக்கிறீங்கன்னு அந்தம்மா அழுவுறாங்க. அந்தாளு நிதானமா சொல்றான்டா. இடிக்கலையாம், இப்பத்தான் உபயோகப்படுத்துறாங்களாம். உங்க வகுப்பு இல்லன்னா என் சிப்பாய்க்குப் பேச ஆள் இல்ல, என் சிப்பாய் இல்லன்னா உங்க பேச்சைக் கேக்க ஆள் இல்ல, ரெண்டும் சரியான அளவுல கலக்கணும்கிறான். சமையல் குறிப்பு மாதிரி சொல்றான்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று கேட்க வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாவை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கர்னல் அத்தானிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சோதனைச் சாவடிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். பேச்சு மார்க் வரிசையில் முதல் பன்னிரண்டு பேர். திங்கட்கிழமை காலையில் அட்டைகள் அவர் மேஜைக்கு வர வேண்டும். வகுப்பில் சேரும்போதே, மையம் கூப்பிட்டால் மொழிபெயர்ப்புக்கு வருவேன் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை யார் படித்தார்கள்?

சாவடியில் சிப்பாய்கள் ஒரு பக்கம், ஜனம் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரை ஒலிபெருக்கியோடு நடுவில் நிறுத்துவார்கள். சிப்பாய்க்கு மணல் மூட்டை உண்டு. நடுவில் நிற்கிறவருக்கு ஒன்றும் கிடையாது. அத்தான் மகள், என் மருமகள், வரிசையில் பதினொன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். சொன்னது நான்தான்.

"அத்தான், புது அட்டை எழுதுங்க. ஒன்பத ஆறாக்கிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குப் பதிலா வேற புள்ள போகும்டா."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? நம்ம புள்ளைய நாமதான் பாக்கணும்."

ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு எழுதினார். அந்தப் பன்னிரண்டு பேருக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் எங்கள் தெருத் தையல்காரர் மகன். எட்டரை மார்க். பதின்மூன்றாவது ஆள் பன்னிரண்டாவது ஆனான்.

மார்க் பட்டியலை மைய வாசலில் ஒட்டினார்கள். என் மருமகள் பார்த்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "கடைசிப் பரீட்சையில் சொதப்பிட்டேன் போல. அப்பா தப்பாப் போட மாட்டார் மாமா" என்று என்னிடம் சொன்னாள். தையல்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வாத்தியார் மகளையே முந்திவிட்டானாம் அவர் பையன்.

ஐந்தாவது வாரம் ஆற்றுப்பாலச் சாவடியில் கல் வீச்சு நடந்தது. பிறகு துப்பாக்கிச் சத்தம். எந்தப் பக்கத்துக் குண்டு என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. பையன் ஒலிபெருக்கியைப் பிடித்தபடியே விழுந்திருக்கிறான். இருபத்துமூன்று வயது.

அத்தான் சாவுக்குப் போனார், மூலையில் நின்றார், வந்துவிட்டார். அன்றிலிருந்து வகுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்கும் அந்தத் தெரு வழியாகப் போகக் கால் வரவில்லை.

போன மாதம் தையல்காரரே வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். பெரிய நாட்டு அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. படித்துச் சொல்ல வேண்டும். அத்தான் வாங்கினார். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

"குடுங்கப்பா" என்று என் மருமகள் வாங்கிக்கொண்டாள். ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, திக்காமல் திணறாமல் நம் பேச்சில் சொல்லிக்கொண்டே போனாள். இரு நாட்டு நட்புக்கு அவர் மகன் ஆற்றிய தொண்டு, அரசாங்கத்தின் ஆழ்ந்த இரங்கல், மறக்க முடியாத தியாகம். பிறகு தையல்காரர் ஆசைப்பட்டார் என்று அந்த மொழியிலும் ஒருமுறை வாசித்தாள். மகன் பேசிய மொழி எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமாம். தண்ணீர் ஓடுவதுபோல வாசித்தாள்.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மா, இவ்வளவு நல்லாப் படிக்கிறியே. உனக்கு ஏம்மா ஆறு போட்டாங்க?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆறு இல்லைங்க" என்றார் அத்தான். "ஒன்பது. நான்தான் மாத்தினேன்."

தையல்காரர் கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்தார்.

"பன்னெண்டு பேர்ல வந்துட்டான்னு தெருப்பூரா இனிப்புக் குடுத்தேனே வாத்தியாரே" என்றார். "உங்க வீட்டுக்கும் குடுத்தேன். வாங்கிக்கிட்டீங்களே."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அத்தான் வாசல் வரை பின்னாலேயே போனார். நான் போகவில்லை.