கிணற்றடியில் கிடந்த கல்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு. அறுபதுகளில் அதன் சுவர் இடிந்தபோது, என் கணவர் உள்ளேயிருந்து எழுத்து வெட்டிய ஒரு கல்லைக் கொண்டுவந்து, எழுத்துப் பக்கம் மண்ணில் பதியும்படி கிணற்றடியில் போட்டார். பத்து வருஷம் அதில் துணி துவைத்தேன், மீன் கழுவினேன்.

ஒருநாள் தோட்டத்துக் காவலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடன் வந்தார். நான் அவசரமாகக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"இந்தம்மா ஊட்டுக் கொழந்த ஒண்ணு அந்தக் காலத்துல இங்க செத்துப் போச்சாம். அதோட கல்லக் காணோம். எவனாச்சும் எடுத்துக்கினு போயிருந்தா சொல்லிடும்மா, போலீஸ் வந்தா பேஜாரு."

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவள் குனிந்து, கல்லின் ஓரத்தில் தெரிந்த பூ வேலைப்பாட்டை விரலால் தடவினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் காவலாளியிடம் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கண்மூடிச் சற்று நேரம் அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலமே கல்லைத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். ஆனால் அவள் வெறுங்காலோடு நின்ற அந்த நேரம் முழுக்க, நான் அந்தக் குழந்தையின் மேலிருந்து இறங்கவே இல்லை.