மடாம் நே

ஸ்ட்ரோபெரிப் பெட்டியை இமெல்டா மேலாகப் பார்ப்பதே இல்லை. கையில் எடுத்ததும் தலைக்கு மேலே தூக்கி, பெட்டியின் அடிப்பக்கத்து ஓட்டைகளுக்குக் கீழே தன் மூக்கைக் கொண்டுபோவார். "மேல வைக்கிறது எல்லாம் ஷோவுக்கு" என்பது அவர் கட்சி. மூக்கு சம்மதித்தால் பெட்டி அவர் இழுத்துவரும் சில்லுப் பைக்குள் போகும். சம்மதிக்காவிட்டால், "பா பொன்" என்ற தீர்ப்போடு மேசைக்கே திரும்பிவிடும். சரியில்லை என்பதற்கு அந்த இரண்டு சொற்கள், நல்லது என்பதற்கு "சே பொன்", அவற்றோடு ஒரு பொன்ஜூர், ஒரு மெர்சி. மொன்றியலுக்கு வந்து கால் நூற்றாண்டாகிவிட்ட இமெல்டாவின் பிரெஞ்சு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமைச் சந்தையையே ஆண்டுகொண்டிருந்தார்.

வாரநாட்களில் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் பெட்டிகளை அட்டையில் அடுக்கும் வேலை. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, வாயில் முகமூடி. அங்கே எதற்கும் மணம் இல்லை, இருக்கவும் கூடாது. அந்த ஐந்து நாட்களின் பட்டினியையும் சேர்த்துச் சனிக்கிழமை காலையில் அவருடைய மூக்கு தீர்த்துக்கொள்ளும். கணவர் மரியதாசன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வானொலியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார். சந்தைக்குள் கால் வைப்பதில்லை. "அவ ஒவ்வொரு கொத்தமல்லியோடயும் கதைச்சு முடிய மத்தியானம் ஆகும்" என்பார்.

இமெல்டா முகராத பொருள் இல்லை. புதுத் துவாய், பேருந்து இருக்கை, மாதா கோயில் பாட்டுப் புத்தகம் எல்லாம் ஒருதரம் மூக்கருகே போய்த்தான் வரும். மகள் வினோஜா தான் கட்டிக்கொள்ள விரும்பிய பையனை முதல்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, வாசலில் அவனை அணைத்துக்கொண்ட இமெல்டா தோளருகே ஒரு கணம் கூடுதலாகத் தங்கினார். அவன் போனபிறகு மகளிடம், "நல்ல பெடியன். சென்ற் அடிச்சு ஒண்டையும் மறைக்கேல்லை" என்று சம்மதம் சொன்னார்.

சந்தையின் நடுவில் மீன்கடை வைத்திருப்பவர் ழில்பேர். ஆளும் பெரிது, மீசையும் பெரிது. இமெல்டா முதல்முறை வந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கி மூக்கை வைத்தபோது, தொடவேண்டாம் என்று கத்தினார். அடுத்த சனிக்கிழமையும் கத்தினார். அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு சோடி இறப்பர் கையுறையை எடுத்து நீட்டினார். கொஞ்ச நாளில் "மடாம் நே" என்று கூப்பிடத் தொடங்கினார். பெயரைப் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார் போலும் என்று இமெல்டா பேசாமல் இருந்தார். பிரெஞ்சில் நே என்றால் மூக்கு என்று வினோஜா சொல்லித்தான் தெரியும். இமெல்டா கொஞ்சம் யோசித்தார். "சரியாத்தானே சொல்லுறான்" என்றார்.

அந்த மூக்கை நம்பிப் பல வீடுகள் இருந்தன. பியர்பொன்ட்ஸில் இருக்கும் கமலாவதி வெள்ளிக்கிழமை பின்னேரமே அழைப்பெடுத்து, நாளைக்கு என்ன மீன் வேண்டும் என்று சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்துக்காரி. முன்பு இதே தொழிற்சாலையில் பக்கத்து இருக்கையில் இருந்தவர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தும் இரண்டு மூன்று குடும்பங்கள் சொல்லிவைக்கும். எல்லோருக்கும் வாங்கி, வழியில் ஒவ்வொரு வாசலிலும் இறக்கிவிட்டுப் போவது மரியதாசனுடைய வேலை. இமெல்டா வாங்கிய மீனை யாரும் பையைத் திறந்து சோதித்ததில்லை.

போன தை மாதம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. மரியதாசனுக்கு ஒரு வாரம் இருமல். இமெல்டாவுக்கு அதுகூட இல்லை. மூன்றாம் நாள் எழும்பிக் குளித்தார். சவர்க்காரத்தைக் கையில் எடுத்தபோது அது கல்லைப்போல் இருந்தது. மணம் இல்லை. தடிமனால் மூக்கடைத்திருக்கிறது என்று நினைத்தார். தடிமன் போய்விட்டது, மணம் வரவில்லை. நாக்கு உப்பைச் சொன்னது, புளியைச் சொன்னது, உறைப்பைச் சொன்னது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. மீன்குழம்பும் உருளைக்கிழங்குக் கறியும் வாய்க்குள் ஒன்றாகவே இருந்தன. பூசையில் சாம்பிராணிப் புகை கண் முன்னால் எழுந்து போனது. தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல் இமெல்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றொரு பயம். தன் உடம்பு நாறுகிறதோ என்று தெரியாததால் இரண்டு நேரமும் குளித்தார். தாளிதத்தைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் இறக்கினார். கறி சரியா பிழையா என்பதை அறிய ஒரு வழி கண்டுபிடித்தார். மரியதாசன் முதல் வாய் சோற்றை வைக்கும்வரை எதிரே நின்றுகொண்டிருப்பார். அன்பு கூடிவிட்டது என்று மரியதாசன் நினைத்துக்கொண்டார்.

சந்தையில் நடிப்பு இன்னும் கடினமாக இருந்தது. பெட்டியைத் தூக்கினார், முகர்வதுபோல் நின்றார், கண்ணுக்குப் பட்டதை எடுத்தார். செவுளைத் தூக்கியபோது ழில்பேர் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். "சே பொன்" என்றார் இமெல்டா. ழில்பேரின் கடையில் கெட்ட மீன் வருவதில்லை, அதனால் பல வாரங்கள் தப்பின.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை வெயில் திடீரென்று ஏறியது. கமலாவதியின் வீட்டுக்கு ரொறன்ரோவில் இருந்து தமையன் குடும்பம் வருகிறது என்று மக்கரல் மீன் சொல்லியிருந்தார். சந்தையில் இருந்து வரும் வழியில் கோயிலில் ஒரு ஆண்டுத்திவசப் பூசை. பூசை முடிந்து, தேத்தண்ணி குடித்து, கதைத்து வர நேரமாகிவிட்டது. மீன் காரின் பின்பெட்டிக்குள் ஐஸ் கரைந்து கிடந்தது. பழைய இமெல்டா என்றால் பெட்டியைத் திறந்த கையோடு மூடி, "இதை ஆருக்கும் குடுக்கேலாது" என்றிருப்பார். இந்த இமெல்டா பையை எடுத்துக் கமலாவதியின் கையில் கொடுத்து, "இண்டைக்குப் பிடிச்சதுபோல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பின்னேரம் அழைப்பு வந்தது. கமலாவதி எதையும் உடைத்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்றெல்லாம் கேட்டார். கடைசியில்தான் மெதுவாக, "அக்கா, உங்களுக்குத் தடிமனே?" என்றார்.

இமெல்டாவுக்கு விளங்கிவிட்டது. ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த மரியதாசனுக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப இவ்வளவு நாளும் என்ர முகத்தைப் பார்த்தோ சமைச்சனீர்?"

"ஓம். கருகினால் உங்கட இடது புருவம் மேல போகும்."

மரியதாசன் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வினோஜாவை அழைத்தார்.

வினோஜா தாயை ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் சின்னப் பெண். காலையும் மாலையும் நான்கு வாசனைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நினைத்துக்கொண்டு முகரச் சொன்னார். நரம்பு திரும்பவும் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம் என்றார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். வினோஜா அதைச் சுருக்கித் தமிழாக்கினாள்: "மணம் திரும்பி வரேக்க பிழையாத்தான் வருமாம், அம்மா. நல்லதெல்லாம் நாறுமாம். அது நல்ல அடையாளமாம், பயப்பிட வேண்டாமாம்."

தேசிக்காய்த் தோல், கராம்பு, கோடாலித் தைலம், ஒரு துண்டுக் கருவாடு. இமெல்டா தெரிந்தெடுத்த நான்கும் இவை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகத் திறப்பார். கருவாட்டுப் போத்தல் திறக்கும்போது மரியதாசன் யன்னலைத் திறப்பார். வைகாசி போனது, ஆனி போனது. யன்னல் திறப்பதைப் பார்த்துத்தான் கருவாட்டுக்கு இன்னும் மணம் இருக்கிறது என்று இமெல்டா அறிந்துகொண்டார்.

சந்தைக்கு அவர் போகவில்லை. தெரிந்த வீடுகளுக்கெல்லாம், இனி மீன் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வேண்டியதை வாங்க மரியதாசன் வேறு வழியில்லாமல் காரைவிட்டு இறங்கினார். முதல் வாரம் வெள்ளரிக்காய் என்று சுக்கினி வாங்கிவந்தார். அடுத்த வாரம் வெந்தயக்கீரை என்று ஏதோ ஒரு புல். மீன்கடையில் ழில்பேர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மடாம் நே?" என்று கேட்டார். மரியதாசன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, "நே... ஃபினி" என்றார். மூக்கு முடிந்தது என்று சொல்ல வந்தது. ழில்பேர் மெல்லத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். கண் கலங்கிவிட்டது. மரியதாசன் பதறிப்போய்த் தன் மூக்கைப் பிடித்துக் காட்டி, தலையை ஆட்டி, ஆள் இருக்கிறது, வீட்டில் இருக்கிறது, சாப்பிடுகிறது என்று கையாலும் காலாலும் விளக்கவேண்டியிருந்தது. விளங்கியதும் ழில்பேர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மரியதாசன் தெரிந்தெடுத்த மீனை அவர் கையில் இருந்து வாங்கி ஐஸில் திரும்ப வைத்துவிட்டு, உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார்.

இந்தக் கதையை மரியதாசன் நடித்துக் காட்டியபோது இமெல்டா சிரிக்கவில்லை. "தொப்பியைக் கழட்டினவனே?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. வாசலில் கமலாவதி. பியர்பொன்ட்ஸில் இருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். கையில் வெறும் பை. சந்தைக்குப் போவோம், வெளிக்கிடுங்கோ என்றார். இமெல்டா அசையவில்லை. தனக்கு மூக்கு இல்லை என்று, அதுவரை மகளுக்கும் கணவருக்கும் மட்டும் சொன்னதை, கமலாவதிக்கும் சொன்னார். கமலாவதி அதை முதலே ஊகித்திருந்தார்.

"நீங்கள் பாருங்கோ, அமத்துங்கோ. மணக்கிறதை நான் மணக்கிறன்."

"நான் தந்த மீனை எறிஞ்சனீர்தானே, கமலா?"

"ஓம், எறிஞ்சனான். ஒரு மீனைத்தானே அக்கா எறிஞ்சனான்."

இமெல்டா கதவுப் பிடியில் இருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளே போய்ச் செருப்பைத் தேடினார்.

சந்தை முழு வீச்சில் இருந்தது. சோளம் மலையாகக் குவிந்திருந்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே சனம் இடித்துக்கொண்டு போனது. இவ்வளவு நிறத்துக்கும் நடுவே மணம் எதுவும் இல்லாமல் நடப்பது, சத்தம் நிறுத்திய கலியாண வீட்டுக்குள் நடப்பதுபோல் இமெல்டாவுக்கு இருந்தது. திரும்பிவிடலாமா என்று ஒருமுறை நினைத்தார். அதற்குள் ழில்பேர் கண்டுவிட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஈரக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கமலாவதி வெட்கப்பட்டு மறுபக்கம் பார்த்தார்.

பழைய கையுறை இமெல்டாவுக்கும் புதுக் கையுறை கமலாவதிக்கும் கிடைத்தது. ஒரே மீனுக்கு மேலே இரண்டு தலைகள் குனிந்தன. இமெல்டா கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமத்தினார், செவுளைத் தூக்கிக் கமலாவதியின் பக்கம் திருப்பினார்.

"என்ன மணம்?"

"மீன் மணம்."

"மீன் மணம் எண்டால் வேண்டாம். வடிவா இழுத்து மணந்து பாரும். புது மீன் எண்டால் வெள்ளரிக்காய் மணம் வரும். வருதே?"

கமலாவதி கண்ணை மூடி இன்னொருமுறை இழுத்தார். முகம் மாறியது. "ஓம் அக்கா, வருது" என்றார், தானே நம்பாதவர்போல். இமெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. தை மாதத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான் என்று பிறகு கமலாவதி மரியதாசனிடம் சொன்னார். இருவருமாக மூன்று மீன் எடுத்தார்கள். ஒன்றைக் கமலாவதியே "பா பொன்" என்று திருப்பிக் கொடுத்தார். ழில்பேர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வெளிவாசலை நோக்கி நடந்தபோதுதான் அது நடந்தது. இமெல்டா திடீரென்று நின்றார். பின்னால் வந்த ஒருவர் அவர்மேல் மோதி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"கமலா, எங்கேயோ டயர் எரியுது."

கமலாவதி சுற்றிப் பார்த்தார். புகை இல்லை, யாரும் ஓடவும் இல்லை. மூலைக் கடையில் ஒரு பெண் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, கரும்பழுப்புக் கொட்டைகளைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் எரியேல்லை அக்கா. கோப்பி வறுக்கினம்."

இமெல்டா ஓர் அடி பின்னால் வைத்தார். நாற்றம் குறைந்தது. முன்னால் வைத்தார். திரும்ப வந்தது. இறப்பரையும் அழுகிய முட்டையையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல் ஒரு நாற்றம். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு என்ன மணம் வருது?"

"அந்தமாதிரி மணம், அருமையாய் இருக்கு. ஏன் அக்கா, தலையைச் சுத்துதே? காருக்குப் போவமே?"

இமெல்டா தூணை விட்டார். சில்லுப் பையைக் கமலாவதியிடம் கொடுத்துவிட்டு, கோப்பிக் கடையின் முன்னால் நின்ற வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் "பொன்ஜூர்" என்று சொல்லி விரலால் காட்டினார். கடைக்காரி மூடியோடு கொடுத்த சின்னக் கோப்பையின் மூடியைக் கழற்றினார். இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்து, முகத்தை அதற்குள் கவிழ்த்து, ஆழமாக இழுத்தார். முகம் கோணியது. தொண்டை ஒருதரம் குமட்டி அடங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. கமலாவதி பயந்துபோய்க் கோப்பையை வாங்கக் கை நீட்டினார். இமெல்டா அந்தக் கையை முழங்கையால் மெல்லத் தள்ளிவிட்டு, மறுபடியும் குனிந்து முகர்ந்தார்.