பத்துப் பேர் அறையில் ஒரு தனியறை

வேலைத்தளத்தில் அவருக்கு ஆகாசம் என்று பெயர். கிரேன் ஆப்பரேட்டர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் படும். கடல் தாண்டி வந்து பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் நாற்பது மாடி உயரத்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில்தான் அவர் பிழைப்பு. "தனியா போரடிக்காதாண்ணே?" என்று யாராவது கேட்டால், "போரடிக்கிறதுக்கும் கூட ஒரு ஆள் வேணும்ல" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷரைத்தான் ஊரெல்லாம் பரவிய தொற்றுநோய் கீழே இறக்கியது. வேலை நின்றது. விடுதிக் கதவைப் பூட்டினார்கள். அறையில் ஐந்து இரட்டைக் கட்டில், பத்து ஆண்கள், ஒரே ஜன்னல்.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி சீட்டும் சிரிப்புமாகப் போனது. அப்புறம் சிரிப்பு வற்றிவிட்டது. பெயின்டர் நாளுக்கு ஏழு தடவை வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கத்தினார். எலக்ட்ரீஷியன் குறட்டையில் கட்டில் கம்பி அதிர்ந்தது. ஆகாசத்துக்குத் தூக்கம் போனது, பசி போனது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், யாரோ தன் சோப்பை எடுத்ததற்காக ஒரு மத்தியானம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். குதித்து முடிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. கை சில்லிட்டது.

வந்துவிட்டது வியாதி என்று அவரும் நினைத்தார், அறையும் நினைத்தது. ஒன்பது பேரும் எதிர்ச்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். பெயின்டர் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து, துடைப்பக் கட்டையால் மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. படபடப்பு மட்டும் நிற்கவில்லை. வார்டன் ஒரு டாக்டரம்மாவைப் போனில் பிடித்துக் கொடுத்தார். நல்ல வேளை, தமிழ் பேசுகிறவர்.

"உங்களுக்கு வந்தது மனப்பதற்றம். பயமும் அடைசலும் சேந்தா உடம்பு இப்படித்தான் சொல்லிக் காட்டும்."

"அப்போ எனக்குப் பைத்தியமா டாக்டர்?"

"காய்ச்சல் வந்தா பைத்தியம்னா சொல்றோம்? சரி, எங்க இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்?"

"கிரேன் மேல."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுல கொஞ்சத்தைக் கீழ கொண்டுவர முடியுதான்னு பாருங்க. வாரம் ஒரு தடவை என்கிட்ட பேசுங்க."

அன்று சாயங்காலம் ஆகாசம் அறை நடுவில் நின்று, "எனக்கு மனசு சரியில்லைப்பா" என்றார். நாற்பது மாடி ஏறுவது அதைவிட லேசு.

பெயின்டர் போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும்தாண்ணே" என்றார். எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ரெண்டு வாரமா குளியலறையில குழாயத் திறந்துவிட்டு அழுதுட்டு வரேன்" என்றார்.

"ஓ, அதான் தினம் தண்ணி பத்தலையா?" என்று மேல்கட்டிலிலிருந்து ஒரு குரல். பத்துப் பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சொன்னதை ஆகாசம் எடுத்துச் சொல்ல, மூலையில் இருந்த அவருடைய கீழ்க்கட்டிலைச் சுற்றி நாலு போர்வைகளைக் கிரேன் கூண்டு மாதிரி கட்டினார்கள். எலக்ட்ரீஷியன் உள்ளே ஒரு சின்ன விளக்கு மாட்டினார். ஆளுக்கு அரை மணி. திரை மூடியிருந்தால் கூப்பிடக் கூடாது. உள்ளே என்ன செய்தாய் என்று கேட்கவும் கூடாது. பெயின்டர் முதலில் போய்ச் சிவந்த கண்ணோடு வந்தார். யாரோ துண்டை நீட்டினார்கள், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் உள்ளே போய் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டதால் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தன் முறை வந்தபோது ஆகாசம் மனைவியைக் கூப்பிட்டார். இத்தனை நாள் "நல்லா இருக்கேன்" என்று சொன்னது பொய் என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "விடுதிச் சாப்பாடு ருசியா இருக்குன்னீங்களே, அன்னைக்கே தெரியும். என் சமையலையே ஒருநாள் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல நீங்க."

"நீ எப்படி இருக்கே?"

"நானும் நல்லா இல்ல. இப்பத்தான் உங்களுக்குக் கேக்கத் தோணுச்சு பாருங்க." இருவரும் அரை மணியைத் தாண்டிப் பேசினார்கள். வெளியே ஒருவரும் இருமக்கூட இல்லை.

பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து நாளில் அந்த மாடி முழுக்கப் போர்வைக் கூண்டு. வார்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். விதிப்படி கூடாது, அவிழ்க்க வேண்டும் என்றார். அதற்கு முன் சோதனை போடுவதற்காக ஒரு தடவை உள்ளே போனார். அவரும் குடும்பத்தை விட்டு வந்த வெளியூர்க்காரர்தான். இருபத்தைந்து நிமிஷம் கழித்து வெளியே வந்து தொண்டையைச் செருமினார். "வயர் மட்டும் வெளிய தெரியாம கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதம் கிரேன் ஓட ஆரம்பித்தது. படபடப்பு அடியோடு விட்டுப் போகவில்லை. தலைகாட்டினால் டாக்டரம்மாவுக்குப் போன் போடுவார். முன்பெல்லாம் இறங்கி வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர், இப்போது நேரே சீட்டாட்டத்தில் போய் உட்கார்ந்தார். ஆட்டம் மட்டும் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளாமல் இருக்க இரண்டு கட்சிக்கும் தினமும் சண்டை நடந்தது.